பத்துக் கட்டைத் தூரம்

காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். அது கொதிக்கும்வரை நகம் வெட்டினான். வெட்ட ஒன்றும் இல்லை, இருந்தாலும் அரத்தால் பத்து விரலுக்கும் ஓர் இழுப்பு இழுத்தான். காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு சமையலறை மேசையின் விளிம்பில் வலது கட்டை விரலை ஊன்றிச் சுண்டு விரலை எட்டிய மட்டும் நீட்டினான்.

விளிம்பில் கத்தியால் கீறிய மூன்று கோடுகள் இருந்தன. முதல் கோடு கட்டை விரலுக்கு. இரண்டாவது, அவன் சுண்டு விரல் எட்டும் இடம். மூன்றாவது, அவள் சுண்டு விரல் எட்டிய இடம். கல்யாணமான புதிதில் அவள்தான் விளையாட்டாகக் கீறினாள். இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஓர் அங்குலம். பியானோவில் அது ஒரு கட்டை. அவனுக்கு ஒன்பது கட்டை எட்டும். அவளுக்குப் பத்து.

இன்றும் அங்குலம் அங்குலமாகவே இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

அவள் இறந்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. கச்சேரிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

கச்சேரி அவளுடையது. பனிப்பாறை உடைந்து ஒரு மீனவக் குப்பம் மூழ்கிப்போகும் கதையை வைத்து எழுதிய பாலே ஒன்று. அறுபத்திரண்டு வாத்தியக்காரர்கள் வாசிக்க வேண்டிய இசை. அதை ஒரே பியானோவுக்கு, ஒரே ஆளுக்கு, இரண்டே கைக்கு அடக்கி எழுதியிருந்தாள் அவள். மூன்று வருஷ வேலை. ஹார்ப்பை இடது கைக்கு அலையாகக் கொடுத்தாள். புல்லாங்குழல்களை வலது கையின் கடைசி இரண்டு விரலில் தொங்கவிட்டாள். கடைசி நாலு பக்கத்தில் பனிப்பாறை உடைகிறது. அதற்கு முன்னால் ஒரு தாளக் கட்டம், நாலு எண்ணிக்கை, முழுக்க மௌனம். மௌனம் முடிந்ததும் நாலு ஹார்ன்கள் ஒன்றாகக் கத்த, அடியில் செல்லோக்கள் உருளும். அந்த இடத்தில் பத்துக் கட்டை எட்டாத கையால் ஒன்றும் செய்ய முடியாது.

பென்சிலால் எழுதிய அந்த ஒரே பிரதியை வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தத்தில் கோளாறு. ஐந்து வாரம் படுத்தாள், அவ்வளவுதான்.

விடியற்காலையில் அவள் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “ஏதாச்சும் சொன்னாளா மாப்பிள்ளை?” என்று கேட்டார். அவன், “‘நீயே வாசி’ன்னா மாமா” என்றான். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வந்த பிறகு திரும்பிப் போகவும் இல்லை. மாமனார் சொந்தக்காரர்களிடம் சொன்னார். சொந்தக்காரர்கள் அரங்கத்து மேனேஜரிடம் சொன்னார்கள். மேனேஜர் அதைச் சுவரொட்டியில் போட்டுவிட்டார், அவள் படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில்.

பதினோரு வருஷமாக அவன் ஒரு பாலே குழுவில் ஒத்திகைக்குப் பியானோ வாசிப்பவன். மூன்று பக்கம் கண்ணாடி வைத்த கூடம், மூலையில் சுவரோடு ஒட்டி நிற்கும் பழைய பியானோ, வியர்வை நாற்றம். ஆர்கெஸ்ட்ராவைத் தினமும் கூட்டிவந்தால் கட்டுப்படி ஆகாது. அதனால் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதில் அவன். ஆடுபவர்களின் காலைப் பார்த்து வாசிப்பான். கால் தாமதித்தால் அவனும் தாமதிப்பான். ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரம்மா இரண்டு முறை கைதட்டினால் அந்த நொடியே நிறுத்தி, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொள்வான். பிறகு எட்டு எண்ணிக்கை பின்னால் போய் மறுபடி தொடங்குவான். டேப் ரெக்கார்டர் மாதிரி, அதனால் அங்கே அவன் பெயர் டேப்பு.

அன்றும் தட்டினாள். நிறுத்தினான்.

“டேப்பு, எட்டு பின்னாடி. எனக்கு ஒண்ணு சொல்லு. உன் கச்சேரில யாரும் ஆட மாட்டாங்களாமே?”

“ஆமாம்மா. பியானோ மட்டும்தான்.”

“காலே இல்லாம ஒரு பாலே!” பையன்களும் பெண்களும் சிரித்தார்கள். “உன் பொண்டாட்டி வாசிச்சா கண்ண மூடினா கால் தெரியும். நீ எங்க கால பார்த்துதான் வாசிக்கிற ஆளு. அங்க எதப் பார்ப்ப?”

“தாளைப் பார்ப்பேன்.”

“பாரு பாரு. கூட்டம் வரும், கவலைப்படாத. செத்தவ பேருக்கு வரும்.” இரண்டு தட்டு தட்டினாள். “ம், எட்டு பின்னாடி.”

அவன் எட்டு பின்னால் போனான்.

மதியம் ஒரு போன் வந்தது. நெட்டை. அவன் மனைவியோடு கல்லூரியில் படித்தவள். ஆறடி உயரம், அதற்கேற்ற கை. பதினொரு கட்டை அநாயாசமாக எட்டும். மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அந்தக் கடைசி நாலு பக்கத்தை நெட்டைதான் வீட்டுக்கு வந்து வாசித்து, போன் வழியாகப் படுக்கைக்குக் கேட்கவைத்தாள்.

“நான் வாசிக்கணும்னு கேக்கல,” என்றாள் நெட்டை. “அவ உங்களத்தானே வாசிக்கச் சொன்னா. அந்த நாலு பக்கத்தை மட்டும் ஒரு காப்பி போட்டுக் குடுங்களேன். சும்மா வீட்ல வச்சு வாசிச்சுப் பார்ப்பேன்.”

“காப்பி மெஷின் ரிப்பேர்.”

“உங்க ஆபீஸ்லதானே? வெளிய ஆயிரம் கடை இருக்கே.”

“பென்சில் எழுத்து. சரியா விழாது.”

“சரிங்க” என்று வைத்துவிட்டாள்.

காப்பி போட முடியாமல் இல்லை. முந்தின வாரம்தான் அவன் அந்த நாலு பக்கத்தையும் ரப்பரால் திருத்தியிருந்தான். முதலில் ஒரு சுரத்தை அழித்தான். கை எட்டியது. அடுத்ததை அழித்தான். பதினேழு சுரம் போனது. கேட்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தான். ஹார்ன் நாலுக்குப் பதில் இரண்டாயிற்று. பனிப்பாறை உடையாமல் கொஞ்சம் கீறியது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பியானோ ட்யூன் செய்பவர். ஊரில் பாதிப் பியானோவுக்கு அவர் கைதான், பாலே கூடத்துப் பியானோவுக்கும். மருமகனை டேப்பு என்று கூப்பிடுவதை அங்கே கேட்டு முதலில் சிரித்தவர் அவர்தான். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். அதன் பிறகு வீட்டிலும் அவன் எதையாவது ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் அவள் இரண்டு முறை கைதட்டுவாள். அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

“கச்சேரிக்கு முன்னாடி கை பழகற பியானோவாச்சும் சுத்தமா இருக்கட்டும்” என்று முன்பலகையைக் கழற்றினார். கட்டைகளுக்கு நடுவே சின்னத் தூரிகையை விட்டு இழுத்தார். இழுத்ததை உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தார்.

“மாப்பிள்ளை, இந்த வீட்ல யாரு ரப்பர் வச்சிருக்கா?”

“ரப்பரா?”

“நாப்பது வருஷமா பியானோவுக்குள்ள கைய விட்டு என்னென்னவோ எடுத்திருக்கேன். ஹேர்பின், கட்டுப் பல்லு, ஒரு தடவ செத்த எலி. என் பொண்ணு பியானோல ரப்பர் தூள் எடுத்ததே இல்ல. அவ அழிக்க மாட்டா. தப்புன்னா அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதுவா. என்ன தப்பு பண்ணோம்னு கண்ணுக்குத் தெரியணும்னு சொல்லுவா.”

“பழைய தூளா இருக்கும் மாமா.”

“அவ ஆஸ்பத்திரில இருக்கறப்ப நான்தானே தொடச்சேன். திரும்பி வருவான்னு.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு தாங்கியில் இருந்த தாள்களை எடுத்தார். கடைசி நாலு பக்கத்துக்குப் போனார். அவருக்கு நோட்டுப் படிக்க வராது. சன்னலுக்குப் போய்த் தாளைச் சாய்த்துப் பிடித்து, விரல் நுனியால் மெல்லத் தடவினார். பென்சிலை அழுத்தி எழுதுபவள் அவள். எழுத்து போனாலும் பள்ளம் போகவில்லை. தடவிக்கொண்டே வந்து, “பதினேழு” என்றார்.

“கை எட்டல மாமா.”

“எட்டறவளுக்குத்தான் எழுதியிருக்கா. நெட்டைக்கும் எட்டுமே.”

“அவ என்னத்தானே வாசிக்கச் சொன்னா.”

“ஆமா ஆமா. ‘நீயே வாசி’ன்னா. சொன்னீங்களே.” தாளை இருந்த இடத்திலேயே வைத்தார். மறுபடி குனிந்து ஒவ்வொரு தந்தியாக முறுக்கத் தொடங்கினார். முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் அவன் பக்கத்திலேயே நின்றான். அவர் போகும்போது, “அரங்கத்துப் பியானோவும் நான்தான் பார்க்கறேன். கச்சேரி முடியற வரைக்கும் பக்கத் திரைக்குப் பின்னாடிதான் இருப்பேன்” என்றார்.

கச்சேரி ஆறு மணிக்கு. முந்நூறு நாற்காலியும் நிரம்பியிருந்தன. மேனேஜர் மைக்கில், “கடைசி மூச்சுல கணவர் கையப் பிடிச்சு ‘நீயே வாசி’ன்னு அவங்க சொன்னாங்க” என்றார். கையைப் பிடித்தது அவர் சொந்தச் சரக்கு. முதல் வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மூன்றாவது வரிசையில் நெட்டை தலை மட்டும் எல்லாருக்கும் மேலே தெரிந்தது. மாஸ்டரம்மா தன் பிள்ளைகளோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

நன்றாகவே வாசித்தான். அதைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தாறு நிமிஷம் ஒரு பிசிறு இல்லை. ஹார்ப் அலை அலையாக வந்தது. குப்பத்தில் கல்யாணக் கூத்து நடந்தது. பழக்கத்தில் நாலைந்து முறை வலப்பக்கம் திரும்பிக் காலைத் தேடினான். வெறும் பலகைத் தரைதான் இருந்தது. மூன்று வருஷம் அடுத்த அறையிலிருந்து கேட்ட இசை இப்போது தன் கைக்குக் கீழே ஓடுவதில் அவனுக்கே ஒரு மயக்கம். நாமும் ஆள்தான் என்று முதல்முறையாகத் தோன்றியது. பனி விரிசல் விடும் இடம் வந்தது. உச்சியில் கையை எடுத்தான். மௌனக் கட்டம். பெடலிலிருந்து காலை எடுத்தான். அரங்கில் இருமல்கூட இல்லை. நாலு எண்ண வேண்டும். ஒன்று. இரண்டு.

பக்கத் திரைக்குப் பின்னால் யாரோ இரண்டு முறை கைதட்டினார்கள்.

உலர்ந்த தட்டு. அளவான தட்டு. அவன் இரண்டு கையும் மடியில் விழுந்தன.

அப்படி விழுந்ததைச் சபை பார்த்தது. ஓர் ஆள் தட்டிவிட்டார், வாசிப்பவரும் கையை மடியில் போட்டுவிட்டார், ஆக முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது. முதலில் நாலு பேர், பிறகு நாற்பது பேர், பிறகு முந்நூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். எழாமல் உட்கார்ந்திருந்தது நெட்டை மட்டும்தான். உட்கார்ந்தும் அவள் முகம் தெரிந்தது.

அவன் தாளைப் பார்த்தான். நாலு பக்கம் பாக்கி. கையைத் தூக்கி அவர்களை நிறுத்தி, எட்டு எண்ணிக்கை பின்னால் போய்த் தொடங்கியிருக்கலாம். பதினோரு வருஷமாக அதைத்தான் செய்கிறான். எழுந்தான். குனிந்தான். கைதட்டல் இன்னும் பலமாயிற்று. இன்னொரு முறை குனிந்தான்.

திரைக்குப் பின்னால் மாமனார் கருவிகளைப் பையில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நீங்கதானே தட்டினீங்க?”

“ஆமா. தட்டினா டேப்பு நிக்கும்ல.” நிமிராமலே சொன்னார். “நீங்க அழிச்சுப் போட்டத இத்தன பேரு என் பொண்ணு எழுதினதுன்னு கேக்கக் கூடாது. அதான். ஆனா ஒண்ணு மாப்பிள்ளை, எட்டு பின்னாடி போயி மறுபடி ஆரம்பிப்பீங்கன்னுதான் நெனச்சேன். ஆரம்பிச்சிருந்தா நான் மறுபடி தட்டியிருக்க மாட்டேன். குனிஞ்சு குனிஞ்சு கும்பிடு போடுவீங்கன்னு நெனக்கவே இல்ல.”

வெளியே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ஒரு பூங்கொத்தோடு வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

மாமனார் பையின் வாரை இழுத்துக் கட்டினார். எழுந்து நின்றார். “இப்பவாச்சும் சொல்லுங்க. என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா?”

சொன்னான். பொய் யோசிக்கத் தெம்பு இல்லை.

அவள் போன விடியலுக்கு முந்தின சாயங்காலம், ஆறரை மணி இருக்கும். அவன் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அந்தக் கடைசி நாலு பக்கத்தை விரலால் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டை இல்லை, தந்தி இல்லை, வெறும் இரும்பு. அதில் அவனுக்கு எல்லாமே எட்டியது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து ஒன்றோடொன்று இரண்டு முறை ஒட்டினாள். சத்தம் வரவில்லை. அதனால் அவன் நிறுத்தவில்லை. அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

“தட்டாதப்பா. உனக்கு அது வராது. நெட்டை வாசிக்கட்டும். ஜன்னலச் சாத்து, குளிருது.”