நாலு ஏக்கரில் விளையாத பழம்

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை மரத்தை விட்டு இறங்கியதும் அதற்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும். எடைமேடையில் லோரி ஏறும்போது பழம் விற்கும் லைசென்ஸ் அட்டையைக் கேட்பார்கள். அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ, கணக்கில் பழம் அவருடையது. அதில் வரும் பணமும் அவருடைய வருமானம்தான். வரி பாரத்தில் அவர்தான் காட்ட வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தாயில், வரி பாரம் நிரப்பிக் கொடுக்கும் என் கடைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அமலதாஸ் அண்ணன் வந்தது ஜூன் கடைசியில். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜெராம் பக்கம் நாலு ஏக்கர் வைத்திருக்கிறார். அரசாங்கம் கொடுத்த உர உதவித்தொகையை எங்கே எழுதுவது என்பதுதான் அவருடைய கவலை. அதற்கு வந்த கடிதத்தைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, பழம் விற்ற கணக்கைக் கேட்டேன். பழம் வாங்குபவர் அனுப்பிய வருடக் கணக்கை நீட்டினார்.

நன்றாக உரம் போட்டாலும் நாலு ஏக்கர் வருடத்துக்கு முப்பது டன்னைத் தாண்டாது. கணக்கில் இருந்தது இருநூறு டன்.

அவர் சிரித்தார். பக்கத்து நிலத்து ஐயாவுக்கும் மாலாவுக்கும் பத்திரம் இன்னும் செத்துப்போன அப்பாக்கள் பெயரில் இருக்கிறது. பத்திரம் மாறாமல் லைசென்ஸ் கிடைக்காது. அதனால் அவர்கள் பழமும் தன் அட்டையில்தான் போகிறது என்றார். எங்கள் பக்கம் இது சகஜம். அட்டை எப்போதும் லோகேஸ்வரனிடம் இருக்கும். எல்லோர் பழத்தையும் ஏற்றும் லோரிக்காரர் அவர். பணத்தை ரொக்கமாக வாங்கி, பிரித்துக் கொடுப்பார்.

அப்படியானால் யாருடையது எவ்வளவு என்று எழுதி வைத்து அவரவர் பங்கை அவரவர் காட்டலாம், வரியில் சிக்கல் இல்லை என்று உற்சாகமாகப் பிரிக்க உட்கார்ந்தேன். ஐயாவுக்கும் மாலாவுக்கும் தாராளமாகவே கொடுத்துப் பார்த்தேன். நூறு டன் மிஞ்சியது.

பிறகு தேதிகளைப் பார்த்தேன். குலை பழுக்கும் கணக்குக்கு, ஒரு நிலத்தில் மாதம் இரண்டு முறை வெட்டுவார்கள்; மூன்று நிலத்துக்கும் சேர்த்தாலும் ஆறு முறைதான். இங்கே ஒன்றுவிட்டு ஒரு நாள் லோரி ஏறியிருந்தது. கிறிஸ்துமஸ் அன்றும் ஏறியிருந்தது.

"கிறிஸ்துமஸ்ல நான் மாதா கோயில்லதானே இருந்தேன்," என்றார் அண்ணன்.

அவர் விரல் மேலே நகர்ந்து நவம்பரில் ஒரு தேதியில் நின்றது. அதற்கு முந்தின இரவுதான், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பழம் திருட வந்தவர்கள் காவலாளியை அடித்துக் கொன்றார்கள். யார் என்று இன்னும் தெரியவில்லை. மறுநாள் காலை அண்ணன் பெயரில் ஏறியதுதான் அந்த வருடத்திலேயே பெரிய லோடு.

அவருடைய போன் அடித்தது. லோகேஸ்வரன்தான். அண்ணன் அதை மேசைமேல் வைத்து ஒலியைத் திறந்துவிட்டார்.

"மோகனா கடையிலதான் இருக்கீங்கன்னு அண்ணி சொன்னாங்க. முழுசையும் உங்க பேருலயே காட்டிருங்க அண்ணே. வரிய நான் கட்டிடுறேன் லா."

அடுத்தவன் வரியைத் தானாகக் கட்ட வந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

"ஏன் நீ கட்டணும்?" என்றார் அண்ணன்.

"அட, நமக்குள்ள என்னண்ணே. நான் பக்கத்துலதான், வந்துடுறேன்."

இணைப்பு அறுந்தது. பாரத்தின் கடைசியில் ஓர் உறுதிமொழி இருக்கிறது: காட்டியதெல்லாம் உண்மை, முழுமை. இருநூறு டன்னுக்கு அதை ஒப்புக்கொண்டால், அந்த நவம்பர் லோடும் தன் மரத்துப் பழம் என்று அவரே எழுதிக் கொடுத்ததாகிவிடும். தன் பங்கை மட்டும் காட்டினால், வாங்குபவரின் கணக்கோடு அது ஒத்துப்போகாது. ஏன் என்று வரி இலாகாவில் கேட்பார்கள். அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அட்டையை இரவல் கொடுத்தது குற்றம், லைசென்ஸ் போகலாம். இதையெல்லாம் மெதுவாக விளக்கினேன்.

"லைசென்ஸ் போனா போகுது," என்றார். "என் நாலு ஏக்கருக்கு உள்ளத மட்டும் போடு தங்கச்சி. மத்தத போலீஸ்ல சொல்லிக்கிறேன். இப்பவே அனுப்பு."

உரச் செலவு, வெட்டுக்கூலி, லோரிக் கூலி எல்லாம் கழித்தேன். அவர் தன் கடவுச்சொல்லை ஒற்றை விரலால் தட்டினார். வாசலில் லோரி வந்து நின்றது, இன்ஜினை அணைக்கவில்லை. அனுப்பினேன். திரையில் ரசீது வந்தது.

லோகேஸ்வரன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். அண்ணன் தோளில் கை வைத்துத் திரையைப் பார்க்கக் குனிந்தார்.

"எவ்வளவுண்ணே போட்டீங்க?"