உயரம் மாறாத பார்லி

ஸ்வீடனின் தென்கோடியில் ஓர் ஆய்வுப் பண்ணையில் குன்வோர் பதினெட்டு வருஷமாகப் பார்லி ரகம் உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வம்சத்து விதையையும் களிமண்ணிலும் விதைப்பாள், மணலிலும் விதைப்பாள். இரண்டிலும் ஒரே உயரம் வளர்ந்தால்தான் வைத்துக்கொள்வாள். இடத்துக்கு ஒரு மாதிரி வளர்ந்தால் அந்த வம்சமே வேலியோரக் குப்பைமேட்டுக்குப் போகும். "நம்ப முடியாத கழுதைங்க," என்பாள்.

மழை தவறாத வருஷங்கள் அவை. இந்த வருஷம் மே, ஜூன் இரண்டு மாதமும் ஒரு சொட்டு விழவில்லை. ஜூலையில் வயலைப் பார்க்கப் போனாள். கூட வேலை செய்யும் அல்கோட்டும் வந்தான். நக்கல் பிடித்த ஆள். பார்லி வழக்கம்போல இடுப்பளவு நின்றது. கதிரைக் கசக்கினால் அத்தனையும் பதர். இருந்த ஈரத்தையெல்லாம் தண்டை வளர்க்கவே செலவழித்திருந்தது.

"உயரத்துல மட்டும் ஒரு விரல்கூடக் குறையல," என்றான் அல்கோட். "வேலிப் பக்கம் வந்து பாரு."

அவள் எறிந்தவை குப்பைமேட்டில் தானாக முளைத்திருந்தன. முழங்கால் உயரம்தான். இலை சிறுத்திருந்தது; கதிரோ மணி பிடித்துத் தலை சாய்ந்திருந்தது.

"உன் கழுதைங்க."

குன்வோர் வயலுக்கே திரும்பிப் போய் ஒரு வெற்றுக் கதிரைத் தடவிக்கொடுத்தாள்.

"இதுங்களத் திட்டாத, அல்கோட். காலம் பார்த்துச் சுருங்கிக்கத் தெரிஞ்சதுங்கள நான்தான் பிடுங்கி எறிஞ்சேன். பாவம், இதுங்க என் பேச்சைக் கேட்டதுங்க."