சேர்ந்த தேதி, விலகிய தேதி

இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று லோர்னா சொன்னது அக்டோபரில். அன்றிலிருந்து ஆம்புலன்ஸ் சாவி அவளிடமே இருந்தது.

ஒரு நடைக்கு ஒருவர் ஓட்டுவது, மற்றவர் பின்னால் நோயாளியோடு உட்காருவது, அடுத்த நடைக்கு மாறிக்கொள்வது. இதுதான் கம்பெனி விதி. "மாத்தவே வேணாம், நீயே ஓட்டு தங்கம். நாற்காலி தள்ளுறது, குனிஞ்சு பெல்ட் மாட்டுறது எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான் கூட வேலை பார்க்கும் டெரிக். லோர்னாவுக்கு நாற்பத்தொன்பது வயது, விவாகரத்தாகிப் பதினோரு வருடம். தன் இடுப்புக்காக ஒருவன் கவலைப்படுகிறான் என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்குள் அவன் அவள் வீட்டுச் சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து முடித்திருந்தான். ஈஸ்டருக்குப் பெட்டி படுக்கையோடு வந்துவிடுவதாகப் பேச்சு.

சைரன் போட்டுப் பறக்கும் வண்டி இல்லை அவர்களுடையது. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் நடக்க முடியாதவர்களை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விடுகிற வேலை. செவ்வாய், வியாழன், சனி என்றால் முதல் ஆள் மிஸஸ் பெரில் கேவுட். எண்பத்தொரு வயது, ஒரு காலத்தில் மீன் மார்க்கெட்டில் ஏலம் கேட்ட குரல்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் பெரில் லோர்னாவின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"போகும்போது நீ பின்னாடி வா கண்ணு."

"பாரேன், என் இளவரசிக்கு நான் சலிச்சுப் போயிட்டேன்!" என்று டெரிக் சிரித்தான். "அவ இடுப்பு போன இடுப்பு, மிஸஸ் கேவுட். நான்தான் உங்களுக்கு வாய்ச்சது."

பெரில் சிரிக்கவில்லை. கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு டெரிக் வரவேற்பு மேசைக்குப் போகும்வரை காத்திருந்தார்.

"பெல்ட் மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது கண்ணு" என்றார், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. "போர்வைக்குள்ள கை போகுது. தவறிப் பட்டுடுச்சுன்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் வழி முழுக்க."

லோர்னா திரும்பி வரவேற்பு மேசையைப் பார்த்தாள். "எப்போலேருந்து?"

"நவம்பர்."

"என்கிட்ட ஏன் சொல்லலை, மிஸஸ் கேவுட்?"

"நீதான் அவனைக் கட்டிக்கப் போறியாமே. அவனே சொன்னான். அதை எப்போ சொல்வான் தெரியுமா? கையை வெச்சுக்கிட்டேதான் சொல்வான்."

திரும்பும்போது லோர்னா பின்னால் ஏறினாள். டெரிக் சாவியை வாங்கிக்கொண்டான். பெரில் வழி நெடுகத் தூங்கினார். நவம்பருக்குப் பிறகு அவர் வண்டியில் தூங்குவது இதுதான் முதல் தடவை என்பது லோர்னாவுக்குத் தெரியாது. வீட்டு வாசலில் அவரே சொல்லித்தான் தெரிந்தது. பிறகு சொன்னார்: "யார்கிட்ட வேணா சொல்லு. என் மகன்கிட்ட மட்டும் வேணாம், அவன் அடிச்சே கொன்னுடுவான்."

டிப்போ முற்றத்தில் வண்டி நின்றதும் லோர்னா கேட்டுவிட்டாள். டெரிக் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"டயாலிசிஸ் முடிஞ்சா அவங்களுக்கு மண்டை குழம்பும் தங்கம். உனக்குத் தெரியாததா? அங்க கூட ஒரு கிழவி இதையேதான் சொல்லிச்சு. ஒண்ணும் நிரூபிக்கலை."

"எங்க?"

சிப்ஸ் மெல்லும் சத்தம் நின்றது.

"எங்க, டெரிக்?"

"பழைய வேலைல." அவன் திரும்பி, எப்போதும்போல இதமாகப் பார்த்தான். "என் ஃபைலைப் பாத்துச் சேத்துக்கிட்டது நீதானே? உன் கையெழுத்துதானே இருக்கு? அஞ்சு மாசமா நீயேதானே ஓட்டுறே? யோசிச்சுப் பேசு."

அந்த இதத்தில்தான் அவள் இத்தனை நாள் குளிர் காய்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்தில் உட்கார்ந்து புதிய ஆட்களின் ஃபைல்களைச் சரிபார்ப்பதும் அவள் வேலைதான். அன்றே உள்ளே போய் அவனுடையதை எடுத்தாள். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் சுத்தம். வழக்கே பதிவாகாதவனுக்கு வேறென்ன வரும்? முன்பு வேலை பார்த்த இடத்தின் கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு மாதம் வெற்றிடம். பக்கத்தில் அவளுடைய எழுத்து: 'தாயாருக்கு உடல்நலமின்மை. விளக்கம் திருப்தி.' அந்தப் பழைய இடத்துக்கு ஃபோன் போட்டு விசாரிக்க வேண்டும் என்பது விதி. அன்று நேர்காணலில் அவன் அம்மாவின் கடைசி நாட்களைச் சொல்லச் சொல்ல, அவளுக்குக் கண் நிறைந்து, எழுந்து போய் அவனுக்கு டீ போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கேட்டிருந்தாலும் அவர்கள் சொல்லியிருப்பார்களோ என்னவோ. ஆனால் அவள் கேட்கவில்லை.

அவசர சிகிச்சை தரும் பாராமெடிக் என்றால் பதிவேடு ஒன்று இருக்கிறது. தப்புச் செய்தால் பெயரை அடித்துவிடுவார்கள், நாடு முழுக்கத் தெரிந்துவிடும். லோர்னா மாதிரி, டெரிக் மாதிரி ஆட்களுக்கு அப்படி எந்தப் பதிவேடும் இல்லை. அதே சீருடை, அதே நோயாளிகள், அதே பூட்டிய கதவு. விசாரணைக்கு முந்தின நாள் விலகிவிட்டால் எஞ்சுவது இரண்டு தேதிகள்தான்.

முற்றத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்தே போலீஸுக்கும், நகராட்சியில் முதியோர் பாதுகாப்பைப் பார்க்கும் பிரிவுக்கும் ஃபோன் செய்தாள். தன் முழுப்பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

பிறகு மேனேஜர் கேரத்திடம் போனாள். வியாழக்கிழமை விசாரணை என்றான். புதன்கிழமை காலை டெரிக்கின் ராஜினாமா குறுஞ்செய்தியாக வந்தது. கேரத் நாற்காலியில் சாய்ந்தான்.

"போய்த் தொலைஞ்சான். விடு லோர்னா."

"விட முடியாது. இந்த மாதிரி ஆளை யாரும் சேக்கக் கூடாதுன்னு வெக்கிற தடைப் பட்டியல் ஆபீசுக்கு எழுதணும். அவனா விலகிப் போயிருந்தாலும் எழுதித்தான் ஆகணும், சட்டம் அது."

"எழுதினா உன் பேரும் வருமே? முறை மாத்தாம ஓட்டினது யாரு? ஃபைல்ல திருப்தின்னு எழுதினது யாரு?"

"நான்தான். அதையும் சேர்த்தே எழுது."

"பைத்தியமா நீ? ஈஸ்டருக்கு அவன் உன் வீட்டுக்கே வந்துடறான்னு கேக் வாங்கிக் குடுத்தே போன வாரம்!"

"தின்னேல்ல? இப்போ எழுது."

போலீஸ் கேட்டது: அக்டோபர் முதல் எல்லா நடைச் சீட்டுகளும் வேண்டும், டெரிக்கோடு தனியாகப் பின்னால் வந்த பெண்களின் பெயர்கள் வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து லோர்னா எழுதினாள். இருபத்தாறு பெயர். பேச முடியாதவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் ஜனவரியிலேயே இறந்திருந்தார்கள். ஒவ்வொரு சீட்டிலும் 'ஓட்டியவர்' என்ற கட்டத்தில் அவளுடைய முதலெழுத்துகள். ஓட்டும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்திருக்கலாம். அவளும் பார்த்திருக்கிறாள்தான். அவன் குனிந்து போர்வையைச் சரிசெய்வதைப் பார்த்து, எவ்வளவு பொறுமையான மனுஷன் என்று நெஞ்சு குளிர்ந்திருக்கிறாள்.

விசாரணை முடியும்வரை அவளை வண்டியில் ஏற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவள் மறுக்கவில்லை. வீட்டுச் சமையலறையில் மஞ்சள் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டே டீ குடித்துவிட்டு வருவாள், அலுவலகத்தில் உட்காருவாள். பெரிலின் வண்டியில் இப்போது வேறு இரண்டு பெண்கள். 'அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா?' என்று அவர்களிடம் கேட்டாராம்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை தபாலில் ஒரு படிவம் வந்தது. பக்கத்து மாவட்டத்து முதியோர் இல்லம் ஒன்று, வேலைக்கு எடுக்கும் ஆளைப் பற்றி விவரம் கேட்டு. டெரிக்கின் பெயர். நிரப்ப இரண்டே கட்டம்.

கேரத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "தேதி மட்டும் போடு. கம்பெனிக் கொள்கை."

அவள் தேதிகளைப் போட்டாள். கீழே இருந்த வெள்ளை இடத்தில் எழுத ஆரம்பித்தாள்: விசாரணைக்கு முந்தின நாள் விலகினார், போலீஸிடம் புகார் நிலுவையில் இருக்கிறது, அதன் எண் இது.

"வக்கீல் நோட்டீஸ் வரும் லோர்னா!"

"வரட்டும். என் பேருக்கு வரச் சொல்லு."

கையெழுத்துப் போட்டு உறையில் வைக்கும்போதுதான் படிவத்தின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் இருந்ததைக் கவனித்தாள். பணியில் சேர்ந்த நாள்: திங்கள். இந்த வாரத் திங்கள். பதில் கடிதம் வருவதற்குள் ஆளை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆள் பற்றாக்குறை என்றால் எல்லா இடத்திலும் இதுதான் நடக்கும். இங்கேயும் நடந்திருக்கிறது.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான்கு நாள்.

லோர்னா உறையைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்து அந்த இல்லத்தின் எண்ணைப் போட்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.