குளிர் வீடு மாறியது

எங்கள் ஊர் மாதா கோயில் மணியின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எம்மெராமின் நிலவறையில் இருந்த குளிர் கிளம்பி, சரிவில் கீழே சுவரொட்டிய அடுத்த வீடான மச்சான் வெண்டெலினின் நிலவறைக்குக் குடிபோனது. அன்று வேறு விசேஷம் எதுவும் இல்லை. தச்சர் வீட்டுப் பன்றி குட்டி போட்டது.

எங்கள் பவேரிய மலையூரில் பீர் காய்ச்ச ஒரே பொதுக் கொப்பரைதான், வீட்டுக்கு வீடு முறை வைத்துக் காய்ச்சுவோம். காய்ச்சிய சாற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், ஈஸ்ட் போட்டு நிலவறையில் நொதிக்க விடவேண்டும். நாங்கள் காய்ச்சும் லாகர் வகை பீருக்கு எட்டு டிகிரி குளிர் வேண்டும். கூடினால் ஈஸ்ட் வெறிபிடித்து ஆடும். பக்குவமானதும், பீர் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் நட்சத்திரம் தொங்கவிட்டு ஊருக்கு ஊற்றவேண்டும். ஒரு வருடம் நட்சத்திரம் தொங்காவிட்டால் அந்த வீட்டு முறை வரிசையில் காத்திருப்பவனுக்குப் போய்விடும். அந்த வருடம் வரிசையில் முதலில் நின்றவன் வெண்டெலின்.

முப்பத்தொரு வருடம் எட்டிலேயே நின்ற எம்மெராமின் வெப்பமானி அன்று பதினான்கு காட்டியது. நுரை பீப்பாயை விட்டு இறங்கி, படியேறி, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தது. பீரில் லாகருக்கு ஆகாத வாழைப்பழ வாசனை. எம்மெராம் பீப்பாயைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டினான், ஓடைத் தண்ணீர் சுமந்து ஊற்றினான். சாக்குகள் மதியத்துக்குள் காய்ந்துவிட்டன.

அவன் மனைவி வால்புர்கா தன் அண்ணன் வெண்டெலினிடம் போய், "அண்ணே, எங்க வீட்டுக் குளிர் இங்க இருக்காமே?" என்றாள்.

"இருக்கு. முட்டைக்கோஸெல்லாம் கல்லாயிடுச்சு. நானா வான்னு கூப்பிட்டேன்?"

பின்னாலேயே வந்த எம்மெராம், "திருப்பி அனுப்பு மச்சான். முப்பத்தொரு வருஷமா அதோட பேசிட்டிருக்கேன்" என்றான்.

"அதனாலதான் ஓடி வந்திருக்கும்."

எம்மெராம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிலவறைக்குள் இறங்கிக் குளிரைக் கூப்பிட்டான். அது அவன் முழங்கால்வரை வந்து நின்றது, அதற்குமேல் வரவில்லை. "உன்ன நம்பித்தானேடா இருந்தேன்" என்றான். குளிரிடம்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற வெண்டெலின் ஏனோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான்.

அந்த வருடம் எம்மெராம் வீட்டில் நட்சத்திரம் தொங்கவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடமாக அது வெண்டெலின் வாசலில்தான் தொங்குகிறது. பீர் அருமை என்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் எம்மெராம் வந்து அங்கே அந்த வருடம் புதிதாகப் போட்ட வாசற்கல்லில் உட்காருவான். ஒரு சொட்டுக் குடிக்கமாட்டான். கொஞ்ச நேரத்தில் குளிர் கதவிடுக்கு வழியாக வந்து அவன் காலடியில் படுத்துக்கொள்ளும். குடிக்க வருகிறவர்கள் அதை மிதிக்காமல் தாண்டிப் போகப் பழகிவிட்டார்கள்.

வெண்டெலின் நான்தான், அவன் உட்காரும் அந்தக் கல்லை, அந்தச் செவ்வாய்க்கு முந்தைய ஞாயிறு, கோயில் மணி அடித்து ஊரே பூசைக்குப் போயிருந்தபோது, இரண்டு நிலவறைகளுக்கும் நடுச்சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தேன்.