ஓர நிரை

“எங்க அக்காவுக்கு ஓர நெரை வேணும்.”

காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க வந்து நின்ற அத்தனை பேர் முன்னாலும், சோலைமலைக் கங்காணியின் முகத்துக்கு நேராக இதைக் கேட்டேன். “என்ன வேணும்னாலும் கேளு, நெரைய மட்டும் கேட்டுறாத” என்று அப்பா முந்தின நாளே கெஞ்சியிருந்தார்.

கொழுந்தெடுக்கப் போகும் பெண்களுக்கு ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பவர் கங்காணி. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மலையடியிலிருந்து உச்சிவரை ஏறும் ஒற்றை வரிசை அது. எது விழுகிறதோ அதில் ஏற வேண்டும். இதுதான் வேண்டும் என்று ஒருத்தி கேட்டால், கங்காணி ஆள் பார்த்துப் பிரிக்கிறார் என்று சொன்னதாக ஆகிவிடும். அதிலும் ஓர நிரை ரோட்டை ஒட்டியது. நிமிர்ந்து நடக்கலாம், கொழுந்து நிறுக்க முதல் ஆளாகப் போய் நிற்கலாம். அதைக் கேட்கிறவள் சோம்பேறி, இல்லையென்றால் கங்காணிக்கு வேண்டப்பட்டவள். கல்யாணமாகாத பெண்ணுக்கு இந்த இரண்டு பெயரில் எது வந்தாலும் போகாது.

“ஓர நெரைக்கு பி.ஏ. படிக்கணுமாடி?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“அப்ப நாங்களும் படிச்சிட்டு வாறோம் கங்காணி. அதுவரைக்கும் மலை காத்துக் கெடக்கட்டும்!”

ஒரே சிரிப்பு. அக்கா அழகம்மா கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்து நின்றாள்.

“என்னா டீச்சரம்மா, பேராதனை யுனிவர்சிட்டியில இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?” என்றார் கங்காணி.

“இல்ல மாமா. இது கண்டி டாக்டர் சொன்னது. அக்காவோட பயத்துக்கு வைத்தியம்.”

“பயத்துக்கு நெரை மருந்தா? அப்ப வயித்துவலிக்கு என்னா, செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியா?”

“தரலைன்னா நேரா தொரைகிட்டப் போவேன். இங்கிலீசுல கேப்பேன்.”

அவர் சிரிப்பு நின்றது. கூலிக்காரர் வரிசை வீடான லயத்துப் பெண், கங்காணியைத் தாண்டித் தோட்டத்து மேனேஜரான துரையிடம் போவதே அவருக்கு அவமானம். அவருக்குப் புரியாத பாஷையில் பேசுவது அதைவிட அவமானம். எனக்கு அது தெரிந்துதான் சொன்னேன்.

“ஒரு மாசம்” என்றார். “அதுக்கு மேல கேக்கப்படாது.”

எனக்குப் போதும்.

அக்காவின் பயம் குளவியில் ஆரம்பித்தது. போன வருஷம், பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த காளியாயி அக்காவின் கை செடிக்குள் இருந்த குளவிக்கூட்டில் பட்டுவிட்டது. மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். என் அக்கா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு செடியில் மாட்டிக்கொண்டது. யாரோ இழுத்துத்தான் அவள் தப்பினாள். காளியாயி ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. மறுநாள் அடக்கம். அதற்கு மறுநாள் அதே மலை. துக்கத்துக்கெல்லாம் தோட்டத்தில் பேர் போட மாட்டார்கள்; பேர் விழாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை.

அப்போது அக்கா அழக்கூட இல்லை. சில வாரம் கழித்து, குளவியும் இல்லை ஒன்றும் இல்லை, நடு நிரையில் நிற்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. கை மரத்தது. தொண்டை அடைத்தது. சாகப்போகிறோம் என்று நினைத்துக் கூடையோடு ஓடிவந்தாள். ரோட்டுக்கு வந்ததும் சரியாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. பிறகு மலையைப் பார்த்தாலே வந்தது. பிறகு பெரட்டுச் சத்தம் கேட்டாலே வந்தது. பிறகு அவள் வேலைக்கே போகவில்லை.

எங்கள் வீட்டில் தோட்டத்துப் பதிவில் பேர் இருப்பது அவள் ஒருத்திக்குத்தான். அப்பா மாயாண்டிக்கு இடுப்பு போய்விட்டது, அம்மா மீனம்மாவுக்குக் கண் தெரியாது. நான் தலவாக்கலையில் டீச்சர், தோட்டத்துக்கு வேண்டாதவள். அக்காவின் பேரை வெட்டினால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவையும், அந்த ஒற்றை அறையையும், விட்டுப் போக வேண்டியதுதான். மலையைத் தவிர வேறு எதுவும் பார்க்காத இரண்டு கிழங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தோட்டத்து டிஸ்பென்சரியில் எல்லா வியாதிக்கும் கொடுக்கும் சிவப்புத் தண்ணியைக் கொடுத்தார்கள். கோடாங்கி வந்து உடுக்கடித்து, காளியாயிதான் பிடித்திருக்கிறாள் என்றான். வாழ்ந்த வரையில் ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாத மனுஷியைச் செத்தபிறகு பேயாக்கினான். எனக்கு வந்த கோபத்தில் உடுக்கைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அங்கே மன வைத்தியத்துக்கு டாக்டர் இருக்கிறார் என்றேன்.

“அங்கொடைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பவா பாக்குற? எம்புள்ள என்னா பைத்தியமா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இருமல்னா டாக்டர்கிட்டப் போறோம்ல? இதுவும் அது மாதிரித்தான்.”

டாக்டர் சோமசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் நாற்காலியை இழுத்து எங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“என்ன செய்யுது பிள்ளை? ஆறுதலாச் சொல்லுங்கோ.”

“ரேடியோவுல பேசுற மாதிரியே பேசுறாருடி” என்றாள் அக்கா என் காதில். எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

“பயம் வரேக்க நீங்கள் ஓடியிடுறியள். ஓடினதாலதான் தப்பினது எண்டு உடம்பு நினைச்சுக்கொள்ளுது. அடுத்த முறை இன்னும் கெதியா வெருட்டும். ஓடாமல் நிண்டால் அது ஏறும், பிறகு தானா இறங்கும். அது இறங்கிறதை நீங்கள் ஒருக்கா பாக்கவேணும்.”

“நடு நெரையில நிக்கச் சொல்றீங்களா சார்?” அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

“இல்லையில்லை. முதல்ல ரோட்டிலை நில்லுங்கோ. பிறகு ஓரத்திலை. பிறகு ஒரு நிரை உள்ளுக்கு. நீங்கள் ஓம் எண்டாத்தான் அடுத்தது.”

மூச்சை மெதுவாக வெளியே விடக் காட்டிக் கொடுத்தார். பிறகு காளியாயியைப் பற்றிக் கேட்டார், அவள் என்ன பாட்டுப் பாடுவாள், எப்படிச் சிரிப்பாள் என்று. செத்தவளைப் பற்றி அக்கா வாய்திறந்து பேசியது அன்றைக்குத்தான். ஆனாலும் வெளியே வந்ததும், “மருந்தே குடுக்கல. இதுக்கா ரயிலேறி வந்தோம்?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடி ரோட்டில் அவளோடு நின்றேன். வெறுமனே நிற்பதுதான் வேலை. பார்க்கிறவர்கள் எங்கள் இருவரையுமே பைத்தியம் என்றார்கள். ரோடு அவளுக்குப் பழகிய பிறகுதான் பெரட்டில் போய் ஓர நிரை கேட்டேன்.

அதில் இறங்கிய முதல் வாரமே ஒருநாள் ஓடிவந்து, அரைநாள் கூலியான அரைப்பேரோடு வீட்டில் கிடந்தாள். அதுவும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்றார் டாக்டர். பிறகு ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“வந்துச்சு சீதா. ரோட்டப் பாத்தேன், காலு அங்கயே இழுக்குது. போவல. மூச்ச விட்டுக்கிட்டே கொழுந்து ஆஞ்சேன். கொஞ்ச நேரத்துல அதுவா போயிருச்சு.”

“அதுவாவா?”

“ஆமா. மேல் லயத்துக் குடிகாரன் வந்து கத்திட்டு, யாரும் கதவத் தெறக்கலன்னா போயிருவான்ல, அது மாதிரி.”

அதன்பிறகு பக்கத்து நிரைப் பெண்ணிடம் அவளாகவே பேசி இடம் மாற்றிக்கொண்டு ஒரு நிரை உள்ளே போனாள். ஓர நிரை கிடைத்த சந்தோஷத்தில் அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் இன்னொரு நிரை. நடு மலைக்கு இன்னும் தூரம் இருந்தது.

மாசம் முடியப்போகையில் ஒரு சாயங்காலம் கங்காணி எங்கள் காம்பராவுக்கு வந்தார்.

“மாயாண்டி, புள்ளக்காம்பராவுல கொழந்தைங்களப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்னு கணக்கப்புள்ள சொன்னாரு. அழகம்மாவப் போட்டுறலாம். பேரும் விழும், மலையும் ஏற வேணாம். பாவம், புள்ள படுற பாடு.”

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. அம்மா தடவிப் போய்க் கற்பூரம் ஏற்றினாள். அந்த மனுஷர் மனசாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. வஞ்சகமாக வந்திருந்தால் நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்.

“வேணாம் மாமா” என்றேன்.

“ஏன்டி, ஒனக்குக் கிறுக்கா?” என்று அப்பா கத்தினார்.

“இப்ப மலைய விட்டுட்டான்னா அப்பறம் எப்பவுமே ஏற மாட்டா. பயத்துக்கு நாமளே பாய் போட்டுப் படுக்கச் சொல்ற மாதிரி ஆயிரும்.”

“திங்கக்கெழம பெரட்டுல முடிவச் சொல்லுங்க” என்று கங்காணி எழுந்து போனார்.

சனிக்கிழமை டாக்டரிடம் போனோம். நடந்ததை ஒரு மூச்சில் சொன்னேன். “நான் வேணாம்னுட்டேன் டாக்டர். சரிதானே?”

அவர் அக்கா பக்கம் திரும்பினார். “அழகம்மா, நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“தங்கச்சியைப் பாக்காதேங்கோ. என்னையும் பாக்கவேண்டாம். அந்த யன்னலைப் பாத்துச் சொல்லுங்கோ.”

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. காற்றடித்து முடித்து அவன் போய்விட்டான். டாக்டர் அவசரப்படவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு உதட்டைக் கடித்தேன்.

“எனக்குக் கோவமா இருக்கு சார்.”

“ஆரிலை?”

“எல்லார் மேலயும். கங்காணி போட்டுறலாம்ங்கிறாரு. அப்பா சரிங்கிறாரு. இவ வேணாங்கிறா. நான் அங்கனதான் ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கேன். என்னைய ஒருத்தரும் கேக்கல.”

“இப்ப நான் கேக்கிறன்.”

“புள்ளங்கன்னா எனக்கு ரொம்ப ஆசை சார். அந்த வேல கெடச்சா யாரு வேணாம்பா? ஆனா பயந்துக்கிட்டுப் போவ மாட்டேன். நடு நெரையில ஒருதடவ உச்சி வரைக்கும் ஏறணும். ஏறிட்டு எறங்குறப்ப அந்த வேல இருந்தா போவேன். இல்லாட்டி போனா போவுது.”

“அப்ப இதைக் கங்காணியாரிட்டை ஆர் சொல்லுறது?”

நான் சொல்கிறேன் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யார் சிரித்தால் என்ன பதில் சொல்வது என்பதுகூடத் தயாராக இருந்தது. எனக்குச் சண்டை பிடிக்கும், நன்றாகவும் வரும்.

“பெரட்டுல பேசணும்னு நெனச்சாலே நெஞ்சு அடிக்குது சார்” என்றாள் அக்கா. மூச்சை மெதுவாக விட்டாள். “ஆனா நான்தான் சொல்லணும்.”

மடியில் அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. அவளும் மறைக்கவில்லை. குளவிக்குப் பிறகு தன் நடுக்கத்துக்கு அவள் வெட்கப்படாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை.

“இன்னொண்ணு இருக்கு சார். காளியாயி அக்காவப் பத்தி. இவ இருக்கையில வேணாம்.”

ஒரே பாயில் படுக்கிறோம். எனக்குத் தெரியாத ஒன்று அவளிடம் இருக்கிறதென்றதும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. இருக்கட்டும். அது அவளுடையது.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். திங்கட்கிழமை பெரட்டுக்களத்துப் பக்கம் நான் போகமாட்டேன். முதல் பஸ்ஸில் தலவாக்கலைக்குப் போய்விடுவேன். சொல்வதை அவள் சொல்வாள், கேட்பதை அவர்கள் கேட்கட்டும்.

“வாறேன் டாக்டர்” என்றேன். அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே நடந்தேன்.