ஐம்பதில் நின்ற முள்

கசாப்புக்கடைக்காரர் கதவைத் தட்டவில்லை, உதைத்தார். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்வதற்குள் அவர் கையிலிருந்த கத்தி மேசையில் இறங்கியது. கத்திக்கும் மேசைக்கும் நடுவில் டிரைவரின் இடது கை இருந்தது.

ஒன்பது நாளுக்கு முன்பு ஆஸ்பத்திரி வளைவில் டிரைவர் ஓட்டிவந்த கம்பெனி வேன் ஒரு சைக்கிளில் மோதியது. சைக்கிளில் வந்தவரின் தலை நடைபாதை விளிம்பில் அடித்து, அங்கேயே உயிர் போய்விட்டது. அவர் கசாப்புக்கடைக்காரரின் தம்பி. பெற்றவர்கள் போன பிறகு தோளில் தூக்கி வளர்த்த ஒரே தம்பி.

அந்த வளைவில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஸ்பீடோமீட்டர் முள் ஐம்பதில்தான் நின்றது, கண்ணால் பார்த்தேன் என்று டிரைவர் போலீசில் சொல்லியிருந்தான். வேனில் கம்பெனி பொருத்தியிருந்த ஜிபிஎஸ் பெட்டியைப் போலீஸ் திறந்து பார்த்தது. அதில் ஐம்பத்தைந்து என்று இருந்தது.

"செத்தவனால திருப்பிப் பேச முடியாதுன்னு பொய் சொல்றியாடா?" என்றார் கசாப்புக்கடைக்காரர். குரல் உயரவில்லை.

அடுக்களையிலிருந்து ஓடிவந்த டிரைவரின் அக்கா இரும்பு வாணலியால் அவர் தலையில் ஓங்கி அடித்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தியை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

டிரைவருக்கு மூச்சு வாங்கியது. "கொல்லணும்னா கொல்லுங்கண்ணே. ஆனா பொய்யன்னு சொல்லிக் கொல்லாதீங்க. வண்டியப் போலீஸ் விட்டுட்டாங்க, ஷெட்டுலதான் நிக்குது. வாங்க, ஓட்டியே காட்டுறேன்."

கசாப்புக்கடைக்காரர் குனிந்து அவன் கண்களைப் பார்த்தார். பிறகு கத்தியைப் பிடுங்கினார். அக்கா துண்டால் கையை இறுக்கிக் கட்டினாள்.

"அவரோட போகாதடா. செத்துடுவ."

"இங்க இருந்தாலும் அதான் நடக்கும்க்கா."

ஷெட்டில் முதலாளியின் மச்சான்தான் மேற்பார்வை. உறவு இருக்கிறதோ இல்லையோ, அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் அவன் மச்சான்தான். அவன் வேனின் பின்சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தான். சுவரோரம் நான்கு பழைய சக்கரங்கள் சாய்ந்திருந்தன. வேனில் இருந்தவற்றைவிட அவை சின்னவை. டிரைவர் அவற்றைப் பார்த்ததும் வேனை நோக்கி ஓடினான்.

"வண்டியத் தொடாத" என்று மச்சான் வீல் ஸ்பேனரைச் சுழற்றினான். அது டிரைவரின் விலாவில் பட்டது. அவன் மடங்கி உட்கார்ந்தான். இரண்டாவது வீச்சுக்குக் கை உயர்வதற்குள் கசாப்புக்கடைக்காரர் அந்த மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். எலும்பு எந்த இடத்தில் மூட்டு விடும் என்று தெரிந்திருப்பது அவர் தொழில். மச்சான் போட்ட அலறலில் கூரைத் தகரத்தில் இருந்த புறாக்கள் பறந்தன.

மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து ஏறினார்கள். நடுவில் மச்சான், அவன் விலாவில் கத்தி. குடோன்களுக்குப் பின்னாலிருந்த நேர்ரோட்டில் டிரைவர் ஒற்றைக் கையால் ஓட்டினான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா குத்தியது. கசாப்புக்கடைக்காரர் தன் போனில் வேகம் காட்டும் திரையைத் திறந்து பிடித்திருந்தார்.

"பாருங்கண்ணே. முள்ளு அம்பதுல நிக்குது."

அவர் முள்ளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். ஐம்பத்து நான்கு. ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து.

"என் போன்ல கோளாறா?"

"இல்லண்ணே. ரெண்டும் ஒத்துப்போகாதுதான். ஆனா எப்பவும் முள்ளுதான் கொஞ்சம் கூடக் காட்டும். முள்ளு அம்பதுன்னா போன் நாப்பத்தெட்டுன்னு சொல்லும். தப்பித் தவறிக்கூட குறைச்சுக் காட்டிடக் கூடாதுன்னு வண்டி செய்யிறவனே அப்படி வெச்சு அனுப்புவான். இதுல தலைகீழா இருக்கு."

"ஏன்?"

"முள்ளுக்கு ரோடு தெரியாதுண்ணே. சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் தெரியும். ஒரு சுத்துக்கு இவ்வளவு தூரம்னு அதுக்கு ஒரு கணக்கு. சக்கரத்தைப் பெருசா மாட்டிட்டா, அதே சுத்துல வண்டி கூடுதல் தூரம் போயிடும். முள்ளு பழைய கணக்கையே சொல்லிட்டிருக்கும். போன் சக்கரத்தைப் பாக்கறதில்ல. செயற்கைக்கோளை வெச்சு, நாம இருக்கிற இடம் எவ்வளவு வேகமா மாறுதுன்னு பாக்குது." டிரைவரின் குரல் உடைந்தது. "நான் லீவு முடிஞ்சு வந்த முதல் நாள் அது. புது டயர் போட்டிருக்காங்கன்னு சந்தோஷப்பட்டேன். சைஸப் பாக்கல."

கசாப்புக்கடைக்காரர் மச்சான் பக்கம் திரும்பினார். கத்தி சட்டையைக் கிழித்து உள்ளே போனது.

"மணல்ல வண்டி சிக்குதுன்னு பெரிய டயர் போட்டேன்" என்று மச்சான் அழுதான். "மீட்டரையும் சரி பண்ணிடுங்கன்னு டயர் கடைக்காரர் சொன்னாரு. ஒரு நாள் வண்டி நிக்கணுமேன்னு விட்டுட்டேன். அஞ்சு கிலோமீட்டர்தானேன்னு..."

"அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று கசாப்புக்கடைக்காரர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். கத்தியை மச்சானின் தொடையில் இறக்கினார். உருவி, மறுபடி இறக்கினார்.

டிரைவர் பிரேக்கை மிதித்தான். மச்சானின் மூக்கு டேஷ்போர்டில் மோதி நசுங்கியது. கத்தி நழுவிக் காலடியில் விழுந்தது. கசாப்புக்கடைக்காரர் இரண்டு கையாலும் மச்சானின் குரல்வளையைப் பிடித்தார். டிரைவர் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கடித்தான், அதற்கும் அசையவில்லை. மச்சானின் முகம் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இவன் செத்துட்டா உண்மையச் சொல்ல ஆளில்ல" என்று டிரைவர் அவர் காதுக்குள் சொன்னான். "நான் பொய்யன்னு எழுதி மூடிடுவாங்க. உங்க தம்பி பாக்காம குறுக்க வந்துட்டாருன்னு எழுதிடுவாங்க. அவரு வரலண்ணே. அவரு ஓரமாத்தான் வந்தாரு."

விரல்கள் தளர்ந்தன. கசாப்புக்கடைக்காரர் முகத்தை மூடிக்கொண்டு, அடிபட்ட மிருகம் போல ஒரு சத்தம் எழுப்பினார். டிரைவர் தன் பெல்ட்டை அவிழ்த்து மச்சானின் தொடையில் இறுக்கிக் கட்டினான். ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். எந்த வேகத்தில் போனான் என்று அவனுக்குத் தெரியாது. முள்ளைப் பார்க்கவில்லை.

மச்சான் பிழைத்தான், ஒரு கால் போய்விட்டது. கட்டிலில் படுத்தபடி நடந்ததை எல்லாம் போலீசில் சொன்னான். வழக்கு அவன்மேலும் முதலாளிமேலும் திரும்பியது. டயரைப் பார்க்காமல் வண்டியை எடுத்தது டிரைவரின் தவறு என்று அவன் லைசென்ஸை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். கசாப்புக்கடைக்காரருக்கு ஆறு வருஷம் ஜெயில் கிடைத்தது.

டிரைவர் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனான். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவர் நலம் விசாரிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு. நெஜமாவே அம்பதுல வந்திருந்தா?"

பொய் சொல்லிவிடலாமா என்று டிரைவர் ஒரு நிமிஷம் யோசித்தான்.

"பிரேக் தடத்தை அளந்து பாத்தாங்கண்ணே. அம்பதுல வந்திருந்தா வண்டி நின்னிருக்கும். அவருக்கு ஒரு முழம் முன்னாடி."

கசாப்புக்கடைக்காரர் நெற்றியைக் கம்பிவலையில் சாய்த்துக்கொண்டார். காவலர் வந்து நேரம் முடிந்தது என்றபோதுதான் நிமிர்ந்தார்.

"அடுத்த வாரமும் வா" என்றார்.

டிரைவர் போனான். பேசுவதற்கு இருவரிடமும் ஒன்றும் இல்லை. வலையின் இரண்டு பக்கமும் நேரம் முடியும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.