அத்தையின் விரல் பட்ட வரி

1

“ஆண்டவர் என்னைப் பத்தி ஏதாவது சொல்லணும்னா என்கிட்டயே சொல்லட்டும். உங்ககிட்ட எதுக்குச் சொல்றார்?”

இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கதை கிளம்பியது. ஏதோ ஒரு சமையலறையில் ஒரு பெண் இதை உரக்கக் கேட்டாள். அன்றிலிருந்து அது என்னை வேறு எதையும் எழுத விடவில்லை. அந்த வீட்டில் புதுச் செருப்பு கேட்கலாம், இரண்டாவது முட்டை கேட்கலாம். இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். ஆண்டவரிடம் விளக்கம் கேட்பது திமிராம்.

[அந்தப் பெண் நீதானா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள்.]

2

முதலில் வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன். ‘அன்று காலை வானம்’ — வேண்டாம், வானத்துக்கு இதில் வேலையில்லை. ‘அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள்’ — உண்மைதான். ஆனால் இப்படி எழுதியதுமே பின்னால் யாரோ வயலினை எடுத்துவிடுகிறார்கள்.

நேராகவே சொல்கிறேன். வேறொரு ஊர் மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமை சேர வேண்டும். வீட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. “அத்தைக்கு வசனம் வரட்டும்” என்றுதான் சொன்னார்கள்.

அத்தை, அப்பாவின் தங்கை. அந்த வீட்டுப் பெரிய முடிவுகளெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வரும். மதியம்வரை சாப்பிடாமல் ஜெபிப்பாள். கண்ணை மூடியபடி வேதத்தைத் திறந்து பக்கத்தின்மேல் விரலை வைப்பாள். விரல் பட்ட வரியே பதில். வீடு மாறியது, அப்பா சிகரெட்டை விட்டது, எல்லாம் அப்படித்தான். (ஃப்ரிட்ஜ் என்ன நிறத்தில் வாங்குவது என்றும் ஒருமுறை பார்த்தாள். உறைபனியைப் பற்றி ஏதோ வந்தது. வெள்ளையே வாங்கினார்கள்.)

திங்கட்கிழமை மதியம் அத்தைக்கு வசனம் வந்துவிட்டது.

3

அத்தையை வில்லியாக்கிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். இரண்டு பக்கம் அப்படியே எழுதி, பல் கடிக்கும் சத்தமெல்லாம் வைத்து, கிழித்தும் போட்டேன். ஏனென்றால் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, இதே அத்தைதான் புத்தகத்தைத் திறக்காமலே, “பயப்படாதேன்னு சொல்றார் அண்ணா” என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது யாருடைய குரல் என்பதில் அன்று ஒருவருக்கும் சந்தேகமில்லை. இந்தப் பெண்ணுக்கும் இல்லை.

சிக்கலே அதுதான். பொய் சொல்கிறவளை உதறிவிட்டுப் போகலாம். உண்மையாகவே கேட்கிற ஒருத்தி பாதியை மட்டும் கேட்டுவிட்டு வந்து நின்றால் என்ன செய்வது?

[அப்பாவை முதலில் கதவு செய்கிறவராக வைத்திருந்தேன். அத்தைக்கு வந்த வசனம் வாசலைப் பற்றியது என்பதால் பொருத்தம் தாங்கவில்லை. வெட்கப்பட்டு மாற்றிவிட்டேன். இப்போது பேருந்து ஓட்டுகிறார்.]

4

“வீட்டு வாசலை விட்டு வெளியே போக வேண்டாம்னு வந்திருக்கு,” என்றாள் அத்தை. “நான் என்ன பண்ணட்டும் அம்மாடி? என் வார்த்தையா அது?”

“எந்த அதிகாரம்?”

“அது எதுக்கு உனக்கு?”

அங்கேதான் முதல் வரியில் இருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“வாயைக் கழுவுடி!” என்றாள் அம்மா.

அவள் கழுவவில்லை. அத்தையின் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஒடுங்கிய பத்தி, பொடி எழுத்து. விரல் பட்ட வரியின் கீழே அத்தை பென்சிலால் கோடு போட்டிருந்தாள். மேல் வரியின் கடைசியில் ‘விடியும்வரை’ என்று இருந்தது.

“அத்தை, இது விடியுற வரைக்கும்தான் போகாதேங்குது.”

அதோடு விட்டிருக்கலாம். விடுகிறவளா? அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து உரக்கப் படித்தாள். அடிமைகளாக இருந்த ஒரு ஜனம். இடுப்புக் கச்சையைக் கட்டிக்கொண்டு, காலில் செருப்போடு அவசரமாகச் சாப்பிடுங்கள் என்று அவர்களுக்கு உத்தரவு. விடியும்வரை உள்ளேயே இருங்கள் என்றும் உத்தரவு. பிறகு மாவு புளிப்பதற்குக்கூட நேரமில்லாமல், பிசைந்த பாத்திரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் கிளம்பிவிடுகிறார்கள்.

“எல்லாருமா?” என்றார் அப்பா.

“எல்லாரும்ப்பா. ஆடு மாடு உட்பட.”

“வண்டி தாங்காதே,” என்றார் அப்பா, தொழில் கவலையோடு.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. “நீ மட்டும் என்ன யோக்கியம்? கிளம்பணும்னு முடிவு பண்ணிட்டு, கிளம்புற வரியாப் பாத்துப் படிக்கிற.”

5

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கும்தான். இங்கே கதையை ஒரு வாரம் மூடி வைத்தேன்.

அடுத்து நடந்ததை எழுதத் தெரியவில்லை. ‘மகளே, என்றது ஒரு குரல்’ — நாடகம். ‘மின்னல் வெட்டியதுபோல’ — பொய். ‘அவள் உள்ளத்தின் ஆழத்தில்’ — அடச்சே.

நடந்தது இவ்வளவுதான். அன்று சாயங்காலப் பேருந்துக்குப் பையைக் கட்டி வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவதாகத் திட்டம். கதவு அதிரும் சத்தத்தைக்கூட மனதில் பலமுறை கேட்டு வைத்திருந்தாள். அத்தையை மடக்குவதற்காக அவள் பிடித்திருந்த ‘விடியும்வரை’ என்ற சொல், பிடித்த கையிலேயே திரும்பி அவளைப் பார்த்தது. சத்தமே இல்லை. ஃப்ரிட்ஜ் நின்ற பிறகுதானே அது இவ்வளவு நேரம் இரைந்தது தெரிகிறது? அதுபோல அவள் கோபம் நின்ற இடத்தில் ஒன்று தெளிவாக இருந்தது: போ. ஆனால் இப்படிப் போகாதே.

முதல் பாதி அவள் ஆசை. இரண்டாம் பாதி அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை. தானாகக் கற்பனை செய்திருந்தால் கதவை அறையத்தான் சொல்லியிருப்பாள். அதனால்தான் நம்பினாள்.

“நான் சாயங்கால பஸ்ஸுக்குப் போகல அத்தை.”

“பாத்தியா!”

“காலையில போறேன்.”

அத்தை புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “இதை உனக்கு யார் சொன்னது?”

“உங்களுக்கு வந்த அதே வசனம்தான் அத்தை. மேல் வரியையும் சேர்த்து.”

6

முடிவுகள் மூன்று இருந்தன. அத்தை கட்டிப்பிடித்து அழுவது. போதகர் வந்து நியாயம் சொல்வது. புது ஊரில் வேலை சரிப்படாமல் அவள் திரும்பி வருவது. முதலாவதில் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டாவதில் அந்த மனிதர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். மூன்றாவது நடக்கக்கூடியதுதான், நடந்தாலும் அந்தக் காலை தப்பாகிவிடாது.

ஆகவே காலையை மட்டும் தருகிறேன். அப்பா முதல் வண்டி எடுக்கப் போய்விட்டார். போகும்போது அவள் பையை வாசலோரம் நகர்த்தி வைத்திருந்தார். அவள் ஷூவைக் கட்டிக்கொண்டு சமையலறையில் நின்றபடியே ரொட்டியைத் தின்றாள். ஷூவோடு உள்ளே வந்ததற்காக அம்மா திட்டவில்லை. அது இதுவரை நடந்ததில்லை.

“இரு அம்மாடி. இன்னொரு தடவை பாத்துடறேன்.” அத்தை கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்தாள். விரல் பக்கத்தை நோக்கி இறங்கியது.

அது எந்த வரியில் பட்டது என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

“முழுசாப் படிச்சிட்டு ஃபோன் பண்ணுங்க அத்தை,” என்று பையைத் தோளில் மாட்டினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அத்தை கண்ணைத் திறந்தபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.